ஓர் எழுத்தும் எட்டு ஆண்டுகளும்: ஆங்கில விக்கிப்பீடியாவின் ‘யோகர்ட்’ தலைப்பு விவாதம் – ஒரு நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட நிகழ்வு

ஆங்கில விக்கிப்பீடியாவில் தயிரைப் பற்றிய கட்டுரைக்குத் தலைப்பாக அமைந்த ‘யோகர்ட்’ என்ற சொல்லை எப்படி எழுத்துக்கூட்டுவது, அதாவது ‘ஜி’ என்ற எழுத்துக்கு அடுத்து ‘எச்’ வர வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி, 2003ஆம் ஆண்டு தொடங்கி 2011ஆம் ஆண்டு வரை தீராத விவாதமாக நீடித்தது. தலைப்பை மாற்றக் கோரும் முறையான கோரிக்கைகள் மீண்டும் மீண்டும் எழுந்து முடிவின்றி அடங்கின. இறுதியில் ‘எச்’ இல்லாத வடிவம் ஏற்கப்பட்டு, அத்தலைப்பு நிலைபெற்றது. விவாதம் முழுவதும் பொதுவெளியில் நடந்தது. கட்டுரையைப் பற்றிப் பயனர்கள் விவாதிக்கும் உரையாடல் பக்கத்தின் பழைய தொகுப்புகளை இன்றும் யாரும் படிக்கலாம். தலைப்பின் வரலாற்றை மட்டும் தொகுத்துக் காட்டும் தனிப்பக்கமே ஒன்று உண்டு. பங்கேற்ற பயனர்களின் பெயர்கள் இந்த ஆய்வுக்குத் தேவைப்படவில்லை, ஆகவே தரப்படவில்லை.

இந்த விவாதத்தை வேடிக்கையாகச் சொல்லிக் கடந்துபோவதே பெரும்பாலோர் வழக்கம். அதில் எனக்கு உடன்பாடில்லை. தவறென்று சொல்ல முடியாத ஓர் எழுத்துக்கூட்டலை, தனக்குப் பழக்கமில்லை என்பதற்காக, பிறர் இசைவின்றி மாற்றுவது மரியாதைக் குறைவு. அதைப் பற்றி ஒருவர் காரணத்தோடு திரும்பக் கேட்கும்போது, காரணத்துக்கு விடை சொல்லாமல் கேட்டவரையே தொல்லையாகப் பார்ப்பதும் அதே அளவு மரியாதைக் குறைவு. இவ்விரண்டும் இந்நிகழ்வில் தெளிவாகத் தெரிகின்றன. இணையத்தில் பண்பாகப் பேசுவது என்றால் இன்சொல் கூறுவது மட்டுமே என்று நினைப்பவர்கள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

பின்னணி

பிரித்தானிய எழுத்துக்கூட்டலும் அமெரிக்க எழுத்துக்கூட்டலும் பிரிந்த கதையில் இரண்டு அகராதிகள் முக்கியமானவை. சாமுவேல் ஜான்சன் 1755இல் இலண்டனில் வெளியிட்ட அகராதி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த பல சொற்களில் ‘ஓ’வுக்குப் பின் ‘யு’ சேர்த்து எழுதும் வழக்கத்தை நிலைநிறுத்தியது. அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் 1806இலும் 1828இலும் வெளியிட்ட அகராதிகள் அந்த ‘யு’வை நீக்கின, அரசியலில் விடுதலை பெற்ற நாடு எழுத்திலும் தனித்து நிற்க வேண்டும் என்பது வெப்ஸ்டரின் வெளிப்படையான நோக்கம். அவர் முன்வைத்த மாற்றங்கள் அனைத்தும் ஏற்கப்படவில்லை. நாக்கு, பெண்கள் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களை ஒலிப்பின்படி எழுதச் சொன்ன அவரது யோசனையை அமெரிக்கர்களே ஒதுக்கிவிட்டார்கள். எஞ்சியவை பள்ளிப் பாடநூல்கள் வழியாகத் தலைமுறை தலைமுறையாகப் பதிந்து, எழுதுபவரின் நாட்டைக் காட்டும் அடையாளங்களாக மாறிவிட்டன.

பிரித்தானிய ஆட்சி நிலவிய இந்தியா, இலங்கை, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் பள்ளிகளில் பிரித்தானிய முறையே வேரூன்றியது. தமிழ்நாட்டிலோ யாழ்ப்பாணத்திலோ பள்ளியில் படித்தவர் நிறத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் ‘யு’வை விட்டால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்திருப்பார், அவரே பின்னாளில் இணையப் பக்கம் வடிவமைக்கக் கற்றுக்கொண்டபோது, ‘யு’வோடு எழுதினால் கணினி ஏற்கவில்லை. ஆக, இரு முறைகளும் நம்மில் பலருக்கு அறிமுகமானவையே. ஆனால் பர்மிங்காமிலோ ஒகையோவிலோ வளர்ந்தவருக்கு மறுபக்கத்தின் முறை பெரும்பாலும் எழுத்துப்பிழையாகவே கண்ணில் படுகிறது. உலாவியின் எழுத்துப்பிழை திருத்தி ஒரு நாட்டு முறைக்கு அமைக்கப்பட்டிருந்தால், மறுநாட்டு முறையில் எழுதப்பட்ட சொல்லின் கீழெல்லாம் சிவப்புக் கோடு போட்டு அந்த எண்ணத்தை உறுதியும் செய்துவிடுகிறது.

இந்தப் பிரிவு பலரும் நினைப்பது போல நேர்க்கோடாக இல்லை என்பதும் இந்த நிகழ்வுக்குத் தேவையான செய்தி. சில வினைச்சொற்களின் ஈற்றில் ‘இசட்’ இட்டு எழுதுவதை அமெரிக்க வழக்கு என்று பல பிரித்தானியர்கள் கண்டிக்கிறார்கள். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகமோ நெடுங்காலமாக அந்த ‘இசட்’டையே விரும்பிப் பயன்படுத்துகிறது. ஆஸ்திரேலியர்கள் உழைப்பைக் குறிக்கும் சொல்லை ‘யு’வோடு எழுதுகிறார்கள், அந்நாட்டின் தொழிற்கட்சியோ 1912 முதல் தன் பெயரில் ‘யு’வை விட்டு எழுதுகிறது. கனடாவில் இரண்டும் கலந்திருக்கின்றன.

‘யோகர்ட்’ துருக்கியிலிருந்து 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலத்துக்கு வந்த சொல். அக்காலத்தில் துருக்கி மொழி அரபு எழுத்தில் எழுதப்பட்டது. அச்சொல்லின் நடுவிலுள்ள அரபு எழுத்தை ஆங்கிலத்தில் ‘ஜி’, ‘எச்’ இரண்டையும் சேர்த்துப் பெயர்ப்பதே மரபு. 1928இல் துருக்கி இலத்தீன் எழுத்துக்கு மாறியபோது அவ்விடத்தில் மேலே வளைவிட்ட ஒற்றை ‘ஜி’ வந்தது. இன்றைய துருக்கியில் அது ஏறக்குறைய ஒலிப்பதே இல்லை; முன்னுள்ள உயிரை நீட்ட மட்டும் உதவுகிறது. ஆங்கிலத்தில் அமெரிக்கர்கள் ‘எச்’ இல்லாமலே எழுதுகிறார்கள். பிரித்தானியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இரண்டு வடிவங்களும் புழங்குகின்றன. ‘எச்’ உள்ள வடிவத்துக்கு அங்கே பலமான பழக்கம் உண்டு. கனடாவில் ‘எச்’ இல்லாத வடிவமே பெருவழக்கு. பிரெஞ்சும் ஆங்கிலமும் சேர்ந்து அச்சாகும் உறைகளில் ‘ஓ’, ‘யு’ இரண்டும் சேர்ந்த மூன்றாவது வடிவமும் உண்டு. எனவே இந்த விவாதத்தை அமெரிக்கர்களுக்கும் பிரித்தானியர்களுக்கும் இடையிலான நேரடி மோதல் என்று வருணிப்பது முழு உண்மையாகாது. ஒரு வடிவம் இரு பக்கமும் செல்லும். மற்றொன்று ஒரு பக்கம் மட்டுமே செல்லும்.

தொடக்கம்: 2002, 2003

விக்கிப்பீடியா 2001 ஜனவரியில் தொடங்கியது. தயிர்க் கட்டுரை 2002இல் ‘எச்’ இல்லாத தலைப்பில் உருவாக்கப்பட்டது. 2003இல் அது ‘எச்’ உள்ள தலைப்புக்கு நகர்த்தப்பட்டது. அந்த நகர்த்தலுக்குப் பரந்த உடன்பாடு எதுவும் உருவாகியிருக்கவில்லை.

நகர்த்தியவரிடம் தீய எண்ணம் இருந்ததாகக் கொள்ள எந்தக் காரணமும் இல்லை. கலைக்களஞ்சியம் அப்போது இளமையானது. பக்கத்தை நகர்த்துவது சில நொடிகளில் முடிகிற செயல். தனக்குப் பழகிய வடிவமே உலகெங்கும் பழகியது என்று நம்புவது மனித இயல்பு. மேலும், ஒரு தலைப்பை மாற்றினால் பழைய தலைப்பு தானாகவே வழிமாற்றாக அமைந்துவிடும் என்பதால், எந்த வடிவத்தைத் தட்டச்சு செய்து தேடினாலும் வாசகர் அதே கட்டுரைக்குத்தான் வந்து சேர்ந்தார். வாசகருக்கு இழப்பில்லை. அதனாலேயே இச்செயலின் விளைவு அப்போது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

நடுக்காலத்தில் காணப்பட்டவை

அடுத்த ஆண்டுகளில் நகர்த்தல் கோரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இத்தகைய கோரிக்கை எழும்போது ஏறத்தாழ ஒரு வாரம் விவாதம் நடக்கும். பின்னர் அதில் ஈடுபடாத ஒருவர், ஆதரவு எதிர்ப்புத் தலைகளை எண்ணாமல், வாதங்களின் வலுவை எடைபோட்டு முடிவை அறிவிக்க வேண்டும். இணக்கம் உருவாகவில்லை என்றால் இருக்கும் தலைப்பே தொடரும். இந்தக் கடைசி விதிதான் ‘எச்’ உள்ள வடிவத்தை இத்தனை ஆண்டுகள் காத்தது.

வைக்கப்பட்ட வாதங்கள் பலவகை. ஒருவர் தேடுபொறியில் கிடைத்த முடிவுகளின் எண்ணிக்கையைக் காட்டினார். மற்றவர் அந்த எண்ணிக்கையில் அமெரிக்கப் பக்கங்களே மிகுதி என்றார். ஒருவர் அகராதிகளை எடுத்துவைத்தார். ஆக்ஸ்போர்டு அகராதி ‘எச்’ இல்லாத வடிவத்தையே முதன்மையாகத் தருகிறது என்பது எதிர்த்தரப்புக்கு எளிதில் விடை சொல்ல முடியாத சான்றாக இருந்தது. கடை அலமாரியில் தாம் பார்க்கும் டப்பாக்களில் அச்சான எழுத்துக்கூட்டலைச் சிலர் சான்றாக்கினார்கள். துருக்கி மூலத்துக்கு எது நெருக்கம் என்ற ஆராய்ச்சியில் சிலர் இறங்கினார்கள். அது படிக்கச் சுவையானது. ஆனால் ஆங்கிலம் பேசுபவர் இன்று எப்படி எழுதுகிறார் என்ற கேள்விக்கு அது விடையாகாது. எந்தெந்த நாட்டில் எத்தனை கோடி மக்கள் எந்த வடிவத்தை எழுதுகிறார்கள் என்ற கணக்கில் இந்தியாவும் இழுக்கப்பட்டது. வாதிட்டவர்களுள் இந்தியாவில் தயிருக்கு அந்தச் சொல்லையே அரிதாகத்தான் பயன்படுத்துகிறோம் என்று அறிந்தவர்கள் சிலரே.

இவற்றின் நடுவே மூன்று நடத்தைகள் திரும்பத் திரும்பத் தென்பட்டன. என் பார்வையில் இந்நிகழ்வின் உள்ளடக்கமே இவைதாம்.

முதலாவது, மறுதரப்பின் வடிவத்தைப் பிழை என்று அழைத்தல். ஒரு வடிவத்தைப் ‘பழக்கமில்லாதது’ என்று சொன்னால் அது எழுதுபவரின் அனுபவத்தைப் பற்றிய கூற்று. ‘தவறு’ என்று சொன்னால் எழுதியவரின் கல்வியைப் பற்றிய தீர்ப்பு. பிரித்தானியப் பள்ளியில் படித்தவர் அமெரிக்க வடிவத்தைச் சோம்பலின் விளைவாகவும், அமெரிக்கப் பள்ளியில் படித்தவர் பிரித்தானிய வடிவத்தைப் பகட்டாகவும் படித்துவிடுவது எளிது. ஓர் எழுத்தைப் பற்றிய பேச்சு இப்படித்தான் ஒரு நாட்டைப் பற்றிய பேச்சாகிறது. விக்கிப்பீடியாவின் அடிப்படை நெறிகளுள் ஒன்று, பிறர் நல்லெண்ணத்தோடே செயல்படுகிறார் எனக் கொள்ள வேண்டும் என்பது. அந்த நெறியை மீறக் கடுஞ்சொல் தேவைப்படவில்லை. பண்பான நடையில், இலக்கணப் பிழையின்றி எழுதப்பட்ட ஒரு வாக்கியமே அதை மீறப் போதுமானதாக இருந்தது.

இரண்டாவது, காலத்தையே காரணமாக்குதல். இந்தத் தலைப்பு இத்தனை ஆண்டுகளாக இருக்கிறது, ஆகவே இருக்கட்டும் என்ற வாதம் ஒவ்வொரு முறையும் வலுப்பெற்றது. நிலைத்தன்மைக்கு மதிப்பு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் தலைப்பை மாற்றிக்கொண்டிருந்தால் கலைக்களஞ்சியம் நடக்காது. ஆனால் தொடர்ந்து கேள்விக்குள்ளாகிவரும் ஒன்றை நிலையானது என்று அழைப்பது பொருந்தாது. கேட்டவருக்கு இணக்கம் வேண்டும் என்று சொன்னவர்கள், முதல் மாற்றத்துக்கு அந்த இணக்கம் இருந்ததா என்ற கேள்விக்கு நேரடியாக விடை சொல்லவில்லை. விதியை ஒரு தரப்புக்கு முழுமையாகவும் மறுதரப்புக்குக் குறைவாகவும் பொருத்துவது, எவ்வளவு மென்மையாகச் செய்யப்பட்டாலும், பாதிக்கப்பட்டவரால் உணரப்பட்டே தீரும்.

மூன்றாவது, கேள்வியை இழிவுபடுத்துதல். இதற்கெல்லாமா இவ்வளவு நேரம், போய்க் கட்டுரையை மேம்படுத்துங்கள் என்ற பொருள்பட எழுதியவர்கள் ஒவ்வொரு சுற்றிலும் வந்தார்கள். ஒருவர் செய்த மாற்றத்தை மற்றவர் மாறி மாறி நீக்கும் பூசலைத் தொகுத்தல் போர் என்பார்கள்; விக்கிப்பீடியாவில் அற்பமான தொகுத்தல் போர்களை நகைச்சுவையாகப் பட்டியலிடும் பக்கம் ஒன்று உண்டு. தயிர் விவாதம் அதில் இடம்பெற்றது. நகைப்பது விவாதத்தை முடிக்கும் என்று அவர்கள் நம்பியிருக்கலாம். நடந்தது வேறு. தன் கேள்வி அற்பம் என்று சொல்லப்பட்டவர் கேள்வியைக் கைவிடவில்லை. அடுத்த முறை இன்னும் நீளமாக எழுதினார். அற்பம் என்று கருதியவர்கள் தாமே விட்டுக்கொடுத்திருக்கலாமே என்ற எளிய எதிர்க்கேள்விக்கு அவர்களிடம் விடை இல்லை. பிறருக்கு அற்பமாகத் தோன்றும் ஒன்று தனக்கு அற்பமில்லை என்பதைத் தன் எதிர்ப்பாலேயே காட்டிக்கொண்டவர்கள் அவர்கள்.

இந்த ஆண்டுகளில் உரையாடல் பக்கத்தில் தயிரின் நுண்ணுயிரியலையோ வரலாற்றையோ விடத் தலைப்பைப் பற்றிய உரையே பெருகிக்கிடந்தது என்பது உண்மை. அதற்குப் பொறுப்பு கேட்டவர்களுடையது மட்டுமில்லை.

விதிகள் செய்ததும் செய்யாததும்

ஆங்கில விக்கிப்பீடியாவின் நடைக் கையேட்டில் தேசிய ஆங்கில வகைகளைப் பற்றிய பகுதி, இணையத்தில் மரியாதையை விதியாக எழுதிவைத்த முயற்சிகளுள் சிறந்ததொன்று என்பது என் மதிப்பீடு. எந்த வகையும் மற்றதைவிட உயர்ந்ததில்லை என்பது அதன் அடித்தளம். ஒரு கட்டுரைக்குள் ஒரே வகை சீராக வர வேண்டும். பொருள் ஒரு நாட்டோடு வலுவாகப் பிணைந்திருந்தால் அந்நாட்டு வகையில் எழுத வேண்டும்: இலண்டன் பெருந்தீ பிரித்தானிய ஆங்கிலத்தில், அமெரிக்க உள்நாட்டுப் போர் அமெரிக்க ஆங்கிலத்தில், தாஜ்மகால் இந்திய ஆங்கிலத்தில். எந்த நாட்டோடும் பிணைப்பில்லாத பொருள் என்றால் முதலில் எந்த வகையில் கட்டுரை வளர்ந்ததோ அதையே தக்கவைக்க வேண்டும். எல்லா நாட்டினருக்கும் பொதுவான சொல் கிடைத்தால் அதை விரும்ப வேண்டும். ‘ஒரு கோடி’ என்பதற்கு இந்திய ஆங்கிலத்தில் உள்ள சொல்லை விட்டு ‘பத்து மில்லியன்’ என்று எழுதச் சொல்வது இதற்கான எடுத்துக்காட்டு.

தயிருக்கு நாடில்லை. ஆகவே முதல் வகையைத் தக்கவைத்தல், பொதுமை ஆகிய இரண்டு விதிகளே பொருந்தும். இரண்டும் ‘எச்’ இல்லாத வடிவத்தையே காட்டுகின்றன. அப்படியிருந்தும் எட்டு ஆண்டுகள் பிடித்ததற்குக் காரணம், தக்கவைத்தல் விதியை இரு தரப்பும் தமக்கு ஏற்ற தொடக்கப் புள்ளியிலிருந்து எண்ணியதுதான். ஒருவர் 2002இலிருந்து எண்ணினார். மற்றவர் கட்டுரை ஓரளவு வளர்ந்த நிலையிலிருந்து எண்ணினார். தவறாக நடந்த முதல் மாற்றம் எத்தனை காலம் கழிந்தால் சரியானதாகிவிடும் என்பதை விதி சொல்லவில்லை.

2004இல் வந்த மற்றொரு விதி, ஒரே பயனர் ஒரே பக்கத்தில் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் பிறர் தொகுப்பை மீளமைக்கக் கூடாது என்றது. அது கட்டுரைப் பரப்பில் நடக்கும் மோதலைப் பெருமளவு அடக்கியது. ஆனால் அடங்கிய மோதல் உரையாடல் பக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. கையைக் கட்ட முடிந்த விதியால் பேச்சின் தொனியைத் திருத்த முடியவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க வேதியியல் கட்டுரைகள் உதவுகின்றன. தூய, பயன்பாட்டு வேதியியலுக்கான பன்னாட்டு ஒன்றியம் 1990இல் அலுமினியத்துக்கு, ஈற்றில் கூடுதலாக ஓர் ‘ஐ’ வரும் பிரித்தானிய வடிவத்தையும், கந்தகத்துக்கு ‘எஃப்’ கொண்ட அமெரிக்க வடிவத்தையும் ஏற்றது. அலுமினியத்தின் அமெரிக்க வடிவத்தை 1993இல் மாற்று வடிவமாக ஒப்புக்கொண்டது. விக்கிப்பீடியாவின் வேதியியல் பங்களிப்பாளர்கள் அதையே பின்பற்றி, கட்டுரையின் வகை எதுவாயினும் அலுமினியமும் சீசியமும் பிரித்தானிய முறையில், கந்தகம் அமெரிக்க முறையில் என்று வகுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு தரப்பும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்தது. விட்டுக்கொடுத்ததற்குத் தரப்பு சாராத ஒரு சான்று இருந்தது. தயிருக்கு இத்தகைய வெளிச் சான்று ஏதும் அமையவில்லை. ஆகவே காரணங்களைக் கேட்டு முடிவெடுக்கும் பொறுப்பு பயனர்களிடமே இருந்தது.

2011ஆம் ஆண்டின் முடிவு

2011இல் மீண்டும் கோரிக்கை வைக்கப்பட்டது. நகர்த்தலை ஆதரித்தவர்கள் புதிய சான்று எதையும் தேடிக் கொண்டுவரத் தேவையிருக்கவில்லை. முதல் தலைப்பு எது, இரு பக்கமும் செல்லும் வடிவம் எது என்ற பழைய இரண்டு கேள்விகளே போதுமானவையாக இருந்தன. எதிர்த்தவர்களில் பலர் முன்போலவே, முடிந்த விவாதத்தை மீண்டும் திறக்க வேண்டாம் என்பதையே வலியுறுத்தினார்கள். விவாதம் நகர்த்தலுக்குச் சார்பாக முடிக்கப்பட்டது. கட்டுரை 2002இல் தொடங்கிய தலைப்புக்கே திரும்பியது.

இந்த முடிவைச் சரியென்று நான் கருதுவதற்கு எழுத்துக்கூட்டல் காரணமில்லை. என் கை பள்ளி நாள்களிலிருந்து ‘எச்’சோடு எழுதியே பழகியது. இருக்கும் நிலையைக் காப்பது என்ற ஒன்றைத் தவிர எதிர்த்தரப்பிடம் வேறு வலுவான காரணம் எஞ்சியிருக்கவில்லை என்பதை ஒருவர் கவனமாகப் படித்து ஏற்றுக்கொண்டார் என்பதே இதில் மதிக்கத்தக்கது. முந்தைய சுற்றுகளில் இணக்கம் இல்லை என்ற ஒரு வரியோடு கோரிக்கைகள் மூடப்பட்டபோது, எந்தக் காரணம் போதாது என்று கேட்டவருக்குத் தெரியாமலே போனது. ஆகவே அவர் அதே காரணத்தோடு திரும்பி வந்தார்.

பின் நடந்தவை

தலைப்பு அதன்பின் திரும்ப நகர்த்தப்படவில்லை. எட்டு ஆண்டுகள் ‘எச்’சைக் காத்து நின்றவர்கள் அதை மீட்கத் தொடர் கோரிக்கைகளோடு வரவில்லை. இருந்த தலைப்பு என்பதைத் தவிர வேறு துணை அந்த வடிவத்துக்கு இல்லாதபோது, அது இருந்த தலைப்பாக இல்லாமற்போனதும் வாதம் தானே கரைந்துவிட்டது.

இந்த அனுபவத்திலிருந்து ஒரு பயனர், கொள்கைத் தகுதி பெறாத கருத்துரையாக, ஒரு சோதனை முறையை எழுதி வைத்தார். தலைப்பைப் பற்றிய பூசல் தீராதபோது, இப்போதுள்ள தலைப்பை ஒருகணம் மறந்து, எதிர்த்தரப்பின் தலைப்பு ஏற்கெனவே இடம்பெற்றுவிட்டதாக எண்ணிப் பார்க்க வேண்டும். அந்நிலையில் அதை மாற்றக் கோர விதி சார்ந்த காரணம் எதுவும் இல்லையென்றால், அந்தத் தலைப்பே அமைதியைத் தரும் என்பது அதன் சாரம். இதை மறுப்பவர்களும் இருக்கிறார்கள். விடாமல் கேட்பவருக்கே வெற்றி என்ற பாடத்தை இது கற்பிக்கிறது என்பது அவர்களின் கவலை. அந்தக் கவலை நியாயமானது. ஆனாலும் இந்தச் சோதனையில் ஒரு மரியாதை இருக்கிறது. எதிரில் இருப்பவரின் இடத்தில் சற்று நேரம் நின்று, அவர் காரணத்தைத் தன் காரணம் போல எடைபோடச் சொல்கிறது. கடிந்துகொள்ளாமல் பேசுங்கள் என்ற பொதுவான அறிவுரைகளைவிட இது கடினமானது, பயனுள்ளது.

இழப்புகளும் உண்டு. தன் பள்ளி எழுத்துக்கூட்டலைச் சோம்பல் என்றும் பகட்டு என்றும் கேட்டு விலகியவர் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கில்லை. தலைப்புக்காகச் செலவான நேரத்தில் கட்டுரை பெற்றிருக்கக்கூடிய வளர்ச்சியும் போய்விட்டது.

மாற வேண்டியவை

இத்தகைய நிகழ்வு மீண்டும் நேர்ந்தால் முதலில் மாற வேண்டியது தொடக்கச் செயல். எழுத்துக்கூட்டல் வேறுபாடாக இருக்கக்கூடும் என்ற ஐயம் துளி இருந்தாலும், மாற்றும் முன் கேட்க வேண்டும். கேளாமல் மாற்றப்பட்டது தெரிந்தால், விவாதத்துக்குக் காத்திராமல் முன்னிருந்த நிலைக்கு உடனே திருப்பிவிட்டு, அதன்பின் பேச வேண்டும். சில நாள்களில் திருப்பியிருந்தால் யாரும் நினைவில் வைத்திராத ஒன்று, ஓராண்டு கழிந்ததும் உரிமையாகத் தோன்றத் தொடங்கிவிடுகிறது.

திருத்துபவரிடம் சொல்லும் முறையும் முக்கியம். ஒரு வகையை மற்றொன்றாக மாற்றிவிடும் புதியவர்களுக்கு அனுப்ப விக்கிப்பீடியாவில் ஆயத்தச் செய்தி ஒன்று உண்டு. அது, நீங்கள் பிழை செய்தீர்கள் என்று தொடங்குவதில்லை; இன்ன தொகுப்பில் ஒரு தேசிய வகை மற்றொன்றாக மாற்றப்பட்டது என்ற செய்தியைக் கூறி, எந்தப் பொருளுக்கு எந்த வகை என்பதை விளக்குகிறது. புதியவர்களில் பெரும்பாலோர் தாம் பிழை திருத்துவதாகவே நம்பிச் செய்கிறார்கள். இரண்டும் சரியென்று தெரிந்தவுடன் நின்றுவிடுகிறார்கள். உரையாடல் பக்கத்தின் மேலே இக்கட்டுரை இன்ன ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது என்ற அறிவிப்பை வைப்பதும் அதே பணியை முன்கூட்டியே செய்கிறது. தயிர் விவாதத்தின் முதல் ஆண்டுகளில் இந்த மென்மையும் தெளிவும் ஒருசேர இருந்திருந்தால் அது இவ்வளவு நீண்டிருக்காது என்று கருதுகிறேன்.

கோரிக்கையை மூடுபவர், இணக்கம் இல்லை என்பதோடு நிறுத்தாமல், எந்த வாதத்துக்கு விடை கிடைக்கவில்லை, எது போதாமல் போனது என்பதை இரண்டு வரியில் எழுத வேண்டும். விவாதமே அற்பம் என்று கருதுபவர் அதில் எழுதாமல் இருப்பதே அவர் செய்யக்கூடிய பேருதவி.

தமிழில் எழுதுபவர்களுக்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. தமிழ் விக்கிப்பீடியாவில் தமிழ்நாட்டவரும் இலங்கையரும் புலம்பெயர்ந்தவர்களும் ஒன்றாக எழுதுகிறார்கள். கனடாவின் பெருநகரை இலங்கை மரபில் ரொறன்ரோ என்றும் தமிழ்நாட்டு மரபில் டொராண்டோ என்றும் எழுதுகிறோம். கிரந்த எழுத்தை ஏற்பதிலும் தவிர்ப்பதிலும் நமக்குள் ஆழமான கருத்து வேறுபாடு உண்டு. ஒரு மரபினர் மற்றவரின் வடிவத்தைக் கொச்சை என்றோ தூய்மைவெறி என்றோ அழைக்கும் தருணங்களில், மேலே சொன்ன மூன்று நடத்தைகளும் அப்படியே திரும்ப நடக்கின்றன. கட்டுரையைத் தொடங்கும்போதே மறுமரபின் வடிவத்துக்கும் வழிமாற்று அமைத்துவிடுவதும், முதல் வரியில் இரண்டு வடிவங்களையும் தருவதும், தொடங்கியவரின் மரபை உள்ளடக்கம் முழுவதும் தக்கவைப்பதும் இன்றே செய்யக்கூடியவை. இவற்றுக்கு எந்த வாக்கெடுப்பும் தேவையில்லை.